பேலட் மரத்தில் 3 அடி மீன்தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. கம்பெனியில் கழித்துப் போடும் பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை, பிரித்து, 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்தால் தாங்குமா என்பது ஒன்று. அந்த மரத்துக்கு அடித்திருக்கும் மருந்து மீனைக் கொன்றுவிடுமா என்பது இன்னொன்று. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், "வீட்டில் இரண்டரை வயதுப் பையன் இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பேக்கிங் பெட்டி செய்யும் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். மீன் வளர்ப்பு அதற்கும் முன்பிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். பேலட் மரத்தில் இதுவரை ஏழு ஸ்டாண்ட் செய்திருக்கிறேன். அதில் பெரியது 4 அடித் தொட்டிக்கு. அதைத் தாண்டிப் போனதில்லை, அதனால் 5 அடி, 6 அடித் தொட்டிக்கு இதையே செய்யலாமா என்று யாராவது கேட்டால் என் அனுபவம் அங்கே உதவாது.

முதலில் எடை. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர், அதாவது 28.3 கிலோ. உங்கள் தொட்டி 6.75 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 191 கிலோ. 8 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ வரும், அந்தக் கணக்கில் தொட்டி மட்டும் 33 கிலோ. அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் போட்டால் இன்னொரு முப்பது சொச்சம். கல் அடைத்துக்கொள்ளும் தண்ணீரைக் கழித்து, மேல்மூடி, விளக்கு, பில்டர் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 250 கிலோ. நான்கு பெரியவர்கள் ஸ்டாண்ட் மேல் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இந்த நாலு பேரும் இறங்கவே மாட்டார்கள்.

இந்த எடையைப் பார்த்துப் பயந்து கால்களைத் தடிமனாக்குவதில்தான் எல்லோரும் கவனம் வைக்கிறார்கள். அது தேவையில்லாத பயம். ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலக் கட்டையை நட்டுக்குத்தாக நிறுத்தினால், சாதாரண பைன் மரமே ஒரு காலில் டன் கணக்கில் தாங்கும். உங்களுக்கு ஒரு காலுக்கு வருவது 65 கிலோ. கால் நசுங்கி எந்த ஸ்டாண்டும் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுவதெல்லாம் இணைப்பில்தான்.

என் முதல் ஸ்டாண்டிலேயே இதைப் பார்த்தேன். இரண்டரை அடித் தொட்டி. நான்கு கால்களை நிறுத்தி, மேல்சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து, ஒரு முனைக்கு இரண்டு திருகாணி என்று முடுக்கிவிட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. ஆறேழு மாதம் கழித்து, கீழே உள்ள கதவு சரியாக மூடவில்லை, மேல்மூலையில் உரசியது. மழைக்காலம், மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து அந்த மூலையை இழைத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி உரசியது. அப்போதுதான் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் கவனித்தேன். இடது பக்கம் கண்ணாடி விளிம்பிலிருந்து ஒரு விரல் இறக்கம், வலது பக்கம் ஒன்றரை விரல். தொட்டியைக் காலி செய்து பிரித்துப் பார்த்தால், திருகாணிகள் மரத்துக்குள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன, துளைகள் முட்டை வடிவமாகியிருந்தன, ஒரு காலில் துளையிலிருந்து மேல்நோக்கி வெடிப்பு. கதவு எனக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை நான் இழைப்புளியால் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரைக்குப் போக வேண்டும், வழியில் எங்கேயும் திருகாணியில் தொங்கக் கூடாது. மேல்சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். திருகாணியின் வேலை அது நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். செய்து முடித்ததும் மனசுக்குள் எல்லாத் திருகாணிகளையும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் தொட்டி கீழே வராது என்றால் வடிவம் சரி. பக்கவாட்டில் பொருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தச் சட்டத்துக்கு அடியில் தரைவரை ஒரு துணைக்காலை முட்டுக் கொடுத்து, காலோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது மேல்சட்டத்தை எப்படி நிறுத்துவது. கட்டையைப் படுக்கப் போட்டால் அகலமாக உட்காரும், வேலையும் சுலபம், அதனால் புதிதாகச் செய்பவர்கள் படுக்கத்தான் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 38 × 89 மில்லிமீட்டர் கட்டை, இரண்டு கால்களுக்கு நடுவே 85 சென்டிமீட்டர் இடைவெளி, முன்சட்டத்துக்கு வரும் பங்கு 125 கிலோ. அகலமான பக்கம் செங்குத்தாக வரும்படி நட்டுக்குத்தாக நிறுத்தினால் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் தொய்வு. அதே கட்டையைப் படுக்கப் போட்டால் 3 மில்லிமீட்டர். மரம் ஒன்று, எடை ஒன்று, தொய்வு மட்டும் ஐந்தரை மடங்கு. தொட்டியின் அடிக்கண்ணாடி வளையாது, விரிசல் விடும். 3 மில்லிமீட்டரை அது பொறுத்துக்கொள்ளும் என்று நான் நம்ப மாட்டேன். தடித்த கட்டை கிடைக்காவிட்டால், பேலட்டின் மேல்பலகைகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். 18 மில்லிமீட்டர் பலகை இரண்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே பலம் வந்துவிடும். ஒட்டும்போது இரண்டு பலகையின் ஆணித் துளைகளும் ஒரே இடத்தில் விழாமல் முன்னே பின்னே தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, முதுகு. நான்கு கால், மேலே கீழே சட்டம், அவ்வளவுதான் என்றால் அது தீப்பெட்டியின் மேலுறை மாதிரி. பக்கத்திலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் சாய்ந்து மடங்கிவிடும். பின்பக்கம் முழுக்க 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை ஒட்டி, அரையடிக்கு ஒரு திருகாணி போட்டால் இந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. குழாய்க்கும் வயருக்கும் ஓட்டை போட்டுக்கொள்ளலாம், மூலைகளை மட்டும் வெட்டாதீர்கள். இரண்டு பக்கங்களுக்கும் பேலட் பலகையை அடிக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் தனித்தனிப் பலகைகளை வரிசையாக அடித்தால் அது ப்ளைவுட் தரும் விறைப்பைத் தராது, அதனால் உள்பக்கம் ஒரு குறுக்குச்சட்டத்தை மூலைக்கு மூலை கொடுத்துவிடுங்கள்.

இப்போது மரம். ஏற்றுமதிக்குப் போய்வரும் பேலட்டில் ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, ஒரு எண், அப்புறம் என்ன பக்குவம் செய்தார்கள் என்பதற்கான இரண்டெழுத்து. எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எச்.டி. முத்திரை உள்ளதை எடுங்கள். எம்.பி. உள்ளதை நான் எடுப்பதில்லை. அந்த வாயு மரத்திலிருந்து வெளியேறிவிடும், மரமும் தண்ணீரைத் தொடப்போவதில்லை, அதனால் மீனுக்கு ஆபத்து என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை இழைத்துத் தூளைச் சுவாசிக்கப்போவது நீங்கள். நல்லது பக்கத்திலேயே கிடைக்கும்போது எதற்கு? முத்திரையே இல்லாவிட்டால் உள்ளூர் பேலட், பெரும்பாலும் எந்தப் பக்குவமும் செய்யாதது. விஷம் இருக்க வாய்ப்பு குறைவு, பூச்சி இருக்கலாம்.

முத்திரையைவிட முக்கியம், அந்த பேலட் எதைச் சுமந்தது என்பது. எண்ணெய்க் கறை, ரசாயன வாடை, வெள்ளைப் பூத்த தூள், எது இருந்தாலும் தள்ளிவிடுங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள், பைன் வாசனை அல்லது வெறும் தூசி வாசனைதான் வர வேண்டும். நீலம், சிவப்பு என்று முழுக்க வண்ணம் அடித்த பேலட்டுகள் வாடகைக்கு வருபவை, அவற்றின் சொந்தக்காரர் உங்கள் கம்பெனி அல்ல. அவற்றைத் தொடாதீர்கள். கழித்துப்போட்டதாகவே இருந்தாலும் ஸ்டோர்ஸில் ஒரு கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், செக்யூரிட்டியிடம் பல்லிளிக்க வேண்டாம்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1200 × 1000 மில்லிமீட்டர் பேலட்டில் மேல்பலகைகள் 1000 மில்லிமீட்டர் என்றால், ஆணி வெடித்த முனைகளை வெட்டியபின் 850, 900தான் மிஞ்சும். உங்களுக்குத் தேவை 915. அடியில் நீளவாக்கில் ஓடும் 1200 மில்லிமீட்டர் கட்டைகள்தான் தங்கம், மேல்சட்டத்துக்கு அவற்றையே ஒதுக்குங்கள். போர்க்லிப்ட் நுழைவதற்காகச் சில கட்டைகளில் பள்ளம் வெட்டியிருக்கும், அவை சட்டத்துக்கு ஆகாது. துண்டாக்கிக் காலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிரிக்கும்போது கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள். பேலட் ஆணி முறுக்கு ஆணி, அது வருவதற்குள் பலகை பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பு வெட்டும் பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுங்கள், மிச்சத்தைப் பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம். இழைக்கும் முன் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டாமல் விட்ட ஒரு நாளில் இழைப்புளியின் உளியில் அரிசியளவு பல் விழுந்தது.

அப்புறம் காயவிடுவது. சூடேற்றிய மரம் என்றால் காய்ந்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சூடேற்றுவது பூச்சிக்காக, ஈரத்துக்காக அல்ல. கம்பெனி முற்றத்தில் மழையில் கிடந்ததும் சேர்ந்திருக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைக்குப் பலகை நடுவில் ரீப்பர் துண்டு (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்குங்கள். எத்தனை நாள் என்று கேட்பீர்கள். அதற்கு நாள்கணக்கு கிடையாது. ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்ற வாரம் மரம் தயார். எனக்கு வெயில்காலத்தில் மூன்று வாரம், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மாதம்வரை ஆகியிருக்கிறது. ஈர மரத்தில் செய்த ஸ்டாண்ட் தொட்டி ஏறிய பிறகு முறுக்கிக்கொள்ளும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

பசை, தண்ணீர் தாங்கும் மரைன் வகையாக இருக்கட்டும். ஒட்டியதும் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது சிந்தும், வீடு துடைக்கும்போது மாப்பின் ஈரம் காலடியில் தினமும் படும். காலின் அடிமுகம்தான் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும் இடம், மறந்துபோகும் இடமும் அதுதான். அதற்குப் பசையையே தண்ணீர் கலந்து இரண்டு முறை தடவி, காய்ந்ததும் பெயிண்ட் அடித்து, அடியில் ரப்பர் வில்லை ஒட்டிவிடுங்கள். மற்ற இடங்களுக்கு பாலியூரித்தேன் பாலிஷோ எனாமலோ உங்கள் விருப்பம்.

மருந்துக் கேள்விக்கு வருகிறேன். என் கணக்கில், ஸ்டாண்டால் மீன் சாவது என்றால் அது மரத்தில் பழைய மருந்து இருந்ததால் அல்ல, நாம் புதிதாக அடித்ததால்தான். ஒருமுறை பாலிஷ் அடித்து மூன்றே நாளில் தொட்டியை ஏற்றி, ஏர் பம்பை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டேன். பம்ப் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதைத்தானே தண்ணீருக்குள் ஊதும்? மறுநாள் காலையில் மோலி மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன, நான்கு செத்து மிதந்தன. தின்னர் வாடைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பம்பை வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றியதும் மிச்சம் தெளிந்தன என்பது மட்டும் தெரியும். அன்றிலிருந்து பாலிஷ் அடித்தபின் கதவைத் திறந்துவைத்து இரண்டு மூன்று வாரம் விடுகிறேன், பம்பை அலமாரிக்கு வெளியேதான் மாட்டுகிறேன்.

இதைவிடக் கடுமையானது கரையான் மருந்து. பைரித்ராய்டு வகை மருந்துகளோ குளோர்பைரிபாசோ, மீனைக் கொல்லக் கொஞ்சம் போதும். வீட்டில் தொட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டாண்டுக்கு அதை அடிக்கவே கூடாது. மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மைதா மாதிரி தூளும் தெரிந்தால் உள்ளே உளுப்புப் பூச்சி வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்தடித்துக் காப்பாற்ற நினைக்காமல் அந்தப் பலகையைத் தூக்கிப் போடுங்கள், அது ஓசி மரம்தானே. ரப்பர் மரத்தில் செய்த பேலட் என்றால் இதை இரண்டு தடவை பாருங்கள். இன்னொன்று, மிச்சமான துண்டு அழகாக இருக்கிறது என்று தொட்டிக்குள் அலங்காரமாகப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டாண்ட் தயாரானதும் மேலே 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன்மேல் தெர்மாகோல். மணல் துணுக்கு, சிலிக்கான் பிசிறு போன்ற சின்ன மேடுபள்ளத்தை தெர்மாகோல் சமாளிக்கும். முறுக்கிய சட்டத்தைச் சமாளிக்காது. ஒரு நேரான அலுமினியப் பட்டையை மூலைக்கு மூலை வைத்துப் பாருங்கள், அடியில் பழைய போஸ்ட் கார்டு நுழைந்து ஓடினால் இழைத்துச் சரிசெய்ய வேண்டும். உங்கள் தொட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் சட்டம் இருந்து, கண்ணாடி அந்தரத்தில் நிற்கும் வகை என்றால் தெர்மாகோல் வேண்டாம், அது கண்ணாடியை அடியிலிருந்து முட்டும். வீட்டுத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், ரசமட்டம் வைத்து, காலடியில் பிளாஸ்டிக் தகடு கொடுத்துச் சமமாக்குங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் சொருகாதீர்கள். மாடி வீடாக இருந்தால் சுவரோரமாக வையுங்கள். 3 அடித் தொட்டிக்கு அதுவே போதும். பெரிய தொட்டிக்கு ஆசைப்படும்போது கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள், அது தச்சு வேலை செய்பவன் சொல்லக் கூடிய பதில் அல்ல.

தொட்டியை ஏற்றும் முன் ஆறு சிமெண்ட் மூட்டையை ஏற்றுங்கள், 300 கிலோ. ஒரு வாரம் அப்படியே விடுங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பக்கவாட்டில் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். மேல்பகுதி மட்டும் தனியாக ஆடினால் முதுகு ப்ளைவுட் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு தொட்டியை வைத்து, கால்பாகம் நிரப்பி ஒரு நாள், பாதி நிரப்பி ஒரு நாள் என்று போங்கள்.

செலவைக் குறைக்கத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. ப்ளைவுட், மரைன் பசை, பிளேடு, உப்புத்தாள், பாலிஷ், மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கூட்டிப் பார்த்தால் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விற்கும் வெல்டிங் வைத்த இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் பெரிய வித்தியாசத்தில் இருக்காது. அது பார்க்கச் சுமார், துருப்பிடிக்கும், ஆனால் தாங்கும். மரவேலை செய்யப் பிடிக்கும் என்றால் மட்டும் பேலட்டில் இறங்குங்கள்.

பையன் விஷயம். 250 கிலோ தொட்டியை இரண்டரை வயதுக் குழந்தை தள்ளிச் சாய்க்க முடியாது. ஆனால் அலமாரிக் கதவைத் திறந்து அதில் ஏறித் தொங்கும், தொட்டி விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்க்கும். ஸ்டாண்டின் மேல்சட்டத்தைப் பின்சுவரோடு இரண்டு எல் கிளாம்ப் வைத்துப் பிணைத்துவிடுங்கள், செங்கல்லில் ஆழமாக இறங்கும் ஆங்கர் போட்டு. கீல் வைத்த கதவுக்குப் பதிலாகக் காந்தத்தில் ஒட்டித் தூக்கி எடுக்கிற பலகை போட்டால் தொங்குவதற்கு ஒன்றும் இருக்காது. பக்கத்தில் முக்காலி, நாற்காலி எதையும் போடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று தானாகவே தொட்டிப் பக்கம் நகர்ந்து போயிருந்தது, உள்ளே அரை பாக்கெட் மாரி பிஸ்கட் ஊறிக்கிடந்தது.